கேள்வி கேட்பவரைக் காப்பாற்றுங்கள்

லண்டனிலிருந்து



கண்டி, பல்லேகல கைத்தொழிற் பூங்காவில் ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் கொள்வனவுப் பிரிவில் என் தங்கை மகள் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். போன கிழமை தொலைபேசியில் கேட்டாள்: "மாமா, இலஞ்சம் வாங்க மாட்டேன், கொடுக்க மாட்டேன் என்று முதல் நாளே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அது போதுமா?"

போதாது என்றேன். அதற்கான ஆதாரம் நான் வாழும் இந்த நகரத்து நீதிமன்றத்திலேயே பதிவாகி இருக்கிறது. 2020 ஜனவரி 31ஆம் திகதி, இலஞ்ச வழக்குகளைத் தீர்த்துக்கொள்ள எயார்பஸ் கம்பனி பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்றுக்குமாக ஏறத்தாழ 360 கோடி யூரோ செலுத்த ஒப்புக்கொண்டது. பிரிட்டன் வழக்கில் ஐந்து நாடுகளின் விவகாரங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று நம் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் விமானங்கள் வாங்கிய விவகாரம்.

எயார்பஸ் ஒப்புக்கொண்ட விவரம் இதுதான். விமானக் கொள்வனவோடு தொடர்புடைய ஒருவரின் மனைவியுடைய கம்பனியை 'ஆலோசகர்' என்று அமர்த்தினார்கள். 1 கோடி 68 லட்சம் டொலர் வரை தருவதாகப் பேச்சு. 20 லட்சம் டொலர் கைமாறியது. இந்த ஆலோசகர் யார் என்று பிரிட்டனின் ஏற்றுமதிக் கடன் நிறுவனம் விசாரித்தபோது, பெயரை மட்டுமல்ல, ஆணா பெண்ணா என்பதைக்கூட மாற்றிச் சொன்னார்கள்.

எயார்பஸ் கம்பனியில் இலஞ்சத் தடுப்பு விதிகள் இல்லாமல் இல்லை. இடைத்தரகர்களைச் சரிபார்க்கும் நடைமுறையும் இருந்தது. அவற்றை எளிதாகத் தாண்டிப் போக முடிந்தது என்பதை நீதிமன்றமே பதிவு செய்தது. கடைசியில் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாமல் போனதற்கு, கடன் உத்தரவாதம் கொடுக்க வேண்டியவர்கள் தங்களுக்குக் கிடைத்த பதிலில் திருப்தியடையாமல் மேலும் கேட்டதே ஒரு முக்கிய காரணம்.

கண்டிக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1820களில் கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸ் கன்னொறுவையில் தானே கோப்பித் தோட்டம் போட்டார். அடுத்து வந்த ஆண்டுகளில் அரசாங்க உத்தியோகத்தர்கள் பலர் தோட்ட முதலாளிகள் ஆனார்கள். 1840இன் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமையை நிரூபிக்க முடியாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியதாகக் கருத வழி செய்தது. கண்டிச் சீமையின் காணியை விற்கும் கந்தோரில் இருந்தவர்களே அதை வாங்குபவர்களாகவும் இருந்தார்கள். கிராமத்தவர்கள் தங்கள் சேனை நிலத்தை இழந்தார்கள். 1840களின் நடுப்பகுதியில்தான் உத்தியோகத்தர்கள் தோட்டம் வைத்திருப்பதற்குத் தடை வந்தது, சம்பளமும் திருத்தப்பட்டது. தீர்மானிப்பவரும் பயனடைபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்ற விதியை நம் மலைகள் பெரும் விலை கொடுத்துத்தான் கண்டன.

கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் அம்மா கொழுந்து பறித்தார். மாலையில் கொழுந்து மடுவத்தில் சாக்குக்கென்று ஒரு கிலோ, தண்ணீருக்கென்று இரண்டு கிலோ கழிப்பார்கள். வெயில் கொளுத்தும் நாளிலும் தண்ணீருக்குக் கழிவு உண்டு. தராசு முள் கணக்கப்பிள்ளையின் பக்கம் திரும்பியிருக்கும். கேட்டவருக்கு மறுநாள் தூரத்து மலையில், கொழுந்து இல்லாத நிரை கிடைக்கும். அதனால் யாரும் கேட்கவில்லை. பெரிய கம்பனிகளின் ஊழலும் இப்படித்தான் தழைக்கிறது: எண்ணை ஒருவர் மட்டும் பார்க்கிறார், கேட்டவர் தண்டிக்கப்படுகிறார்.

ஆகவே கம்பனிகள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். விலைமனுக் கோருபவர் ஒருவர், தெரிவு செய்பவர் இன்னொருவர், காசோலையில் கையெழுத்திடுபவர் மூன்றாமவராக இருக்கட்டும். இடைத்தரகருக்குப் பணம் போகுமுன் அவர் செய்த வேலை என்ன, அந்தக் கம்பனியின் உண்மையான சொந்தக்காரர் யார் என்று எழுத்தில் கேளுங்கள். கொள்வனவிலும் களஞ்சியத்திலும் ஒரே ஆளை ஆண்டுக்கணக்கில் இருத்தாதீர்கள். முறைப்பாடு உள்ளூர் முகாமையாளரின் மேசையோடு நின்றுவிடாமல் தலைமையகத்துக்கு நேரே போக வழி செய்யுங்கள். அந்த வழியைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். விற்பனை இலக்கை எட்டியவருக்குக் கொடுக்கும் போனஸை, தவறான வழியில் எட்டியது தெரிந்தால் திரும்பப் பெறுங்கள்.

இலங்கைச் சட்டமும் இப்போது துணைக்கு நிற்கிறது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அந்த ஆண்டு செப்டம்பர் 15இல் அமுலுக்கு வந்தது. தனியார் துறையில் இலஞ்சம் வாங்குவதும் கொடுப்பதும் அதன்படி குற்றம். தகவல் தருபவருக்குப் பாதுகாப்பும் உண்டு. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954. நம் பழைய இலஞ்சச் சட்டம் வந்த ஆண்டும் அதுவே.

பல்லேகலவிலும் கட்டுகஸ்தோட்டையிலும் பேராதெனியவிலும் வேலைக்குப் போகும் பிள்ளைகளே, புரியாத பில்லில் கையெழுத்திடாதீர்கள். கேட்டதையும் கிடைத்த பதிலையும் திகதியோடு எழுதி வையுங்கள். முகாமையாளர்களே, உங்களிடம் கேள்வி கேட்ட ஊழியரை அடுத்த மாதம் இடமாற்றம் செய்யாதீர்கள். அந்த ஒருவரை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் மற்ற நூறு பேரும் வாய் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்வார்கள்.