உகந்தைக்கு அப்பால் இரண்டு அங்குலம்

பாணமை ஊரைக் கடந்ததும் உகந்தைமலை முருகன் கோயில் வரை ஏறக்குறையப் பதினைந்து கிலோமீற்றருக்கு நாம் சென்ற பாதை கிரவலும் மணலுமாக இருந்தது. மாரி காலத்தில் உழவு இயந்திரங்கள் சேற்றில் உழுதுவிட்டுப் போன சுவடுகள் கோடையில் கல்லாக இறுகிக் கிடக்கும். இரு சுவடுகளுக்கும் நடுவே முதுகெலும்பு போல ஒரு மண்திட்டு நீண்டு செல்லும். வாகனங்களின் அடிவயிற்றைப் பதம் பார்ப்பது அத்திட்டேயாம்.

அந்தத் திட்டிடம் நாம் 2017ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில் ஒரு முறை தோற்றுத் திரும்பினோம். எமது வாகனம், ஒரே கல்லூரி ஆசிரியர் நால்வர் பங்கு போட்டு வாங்கிய பழைய ரொயோட்டா ஹைலக்ஸ். நான்கு சில்லுகளும் இழுக்கும். முன்னும் பின்னும் தகட்டு வில்கள். எம்முடன் வந்த ஐந்தாமவர் எம்முள் ஒருவருடைய தந்தையார். எழுபத்தெட்டு வயது. இளமையில் மட்டக்களப்பிலிருந்து கால்நடையாகவே கதிர்காமம் சென்றவர். குமண வனம் 1985 முதல் 2003 வரை போரினால் மூடிக் கிடந்தது. அது திறந்த பின்போ அவருடைய முழங்கால்கள் மறுத்துவிட்டன. கும்புக்கன் ஓயாவின் மணலில் ஒருமுறையேனும் மீண்டும் நின்றுவிட வேண்டுமென்பது அவரது ஆசை. திட்டின்மேல் வண்டி வயிறு தட்டி நின்றபோது அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுதான் எம்மை அதிகம் வருத்திற்று.

ஊர் திரும்பியதும் ஒரு கராச்சுக்குச் சென்று, வண்டியை உயர்த்த வேண்டும் என்றோம். எவ்வளவு என்று அவர்கள் கேட்க, கூடிய மட்டும் என்றோம். படித்தவர்கள் சொல்லக் கூடாத விடை அது. நான்கு அங்குலம் உயர்த்தித் தந்தார்கள். வில்லின் முனையைச் சட்டத்தோடு பிணைக்கும் ஷக்கிள் என்னும் கொளுவிகளை நீட்டியதால் இரண்டு அங்குலம்; சட்டத்துக்கும் உடலுக்கும் இடையே கட்டைகள் வைத்ததால் இன்னும் இரண்டு. முற்றத்தில் நின்ற வண்டி யானைக் கன்று போலக் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் முதியவர் ஏறுவதற்கு ஒரு முக்காலி தேவைப்பட்டது.

அடுத்த வாரம் அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் இடையே, நேரான நல்ல வீதியில், அதன் விளைவைக் கண்டோம். சுக்கானைச் சிறிது திருப்பினால் அது தானாக நேருக்கு வரவில்லை. வண்டி குடித்தவன் நடை நடந்தது. எதிரே பஸ் ஒன்று வர, விலகிய வேகத்தில் வீதியை விட்டு இறங்கி வயலோரத்துச் சேற்றில் சாய்ந்து நின்றோம். ஒருவருக்கும் காயமில்லை. முதியவர் அன்று எம்முடன் வராதது எமது நல்லூழ்.

அதன் பின்னரே, முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தோம். நாற்பது ஆண்டு லொறிகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்ற ஒரு மெக்கானிக் பெரியவரைத் தேடிப் போனோம். அவர் வண்டிக்கு அடியிற் படுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, "சேர், எவ்வளவு உயர்த்திறது எண்டு கேட்கிறீங்க. எது நிலத்தில முட்டுது எண்டு பார்த்தீங்களா?" என்றார்.

நாம் பார்த்திருக்கவில்லை. அளவுநாடாவைக் கொடுத்து எம்மையே அளக்கச் சொன்னார். பின் அச்சின் நடுவே பூசணிக்காய் போலத் தொங்கும் டிபரன்சல், நிலத்திலிருந்து எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக நின்றது. நான்கு அங்குலம் உயர்த்துமுன்னும் அது அதே எட்டுத்தான்! வில்லை உயர்த்தினால் சட்டமும் உடலும் உயரும். அச்சு சில்லோடு கீழேயே இருக்கும். உடலுக்குக் கீழே கட்டை வைத்தாலோ சட்டங்கூட உயராது. டிபரன்சலை உயர்த்த வல்லது ரயர் ஒன்றே. அதுவும் ரயரின் குறுக்களவு இரண்டு அங்குலம் கூடினால் அச்சு உயர்வது ஒரே அங்குலம். கேத்திர கணிதம் படிப்பிக்கும் எமது சகா தலை குனிந்துகொண்டார்.

சுக்கான் அலைந்ததன் காரணமும் விளங்கிற்று. நீண்ட கொளுவி வில்லை ஒரு புறமாகச் சாய்க்க, முன் அச்சும் அதனோடு சிறிது உருண்டுவிடுகிறது. சைக்கிளின் முன் கவர் பின்னோக்கிச் சரிந்திருப்பதனால் அது நேரே ஓடுவதை மாணவர்கள் அறிவர். மோட்டார் வண்டிக்கும் அத்தகைய சரிவு ஒன்று உண்டு. அது குறைந்தால் சுக்கான் தன் வழியை மறந்துவிடும்.

அடுத்து, சுமை எவ்வளவு என்று கேட்டார். ஐவர், நாற்பது லீற்றர் தண்ணீர், சமையற் சாமான், ஒரு கூடாரம். பாரச் சுமைக்கென வார்த்த தடித்த வில் எமக்கு ஆகாது என்றார். சுமையில்லாதபோது அது வளையாது. வளையாத வில்லினால் மேடுபள்ளத்தில் ஒரு சில்லு அந்தரத்திற் சுழலும். முடிவில், நடுத்தரச் சுமைக்குரிய புதிய தகட்டு வில்கள், இரண்டு அங்குல உயர்வு. அவ்வுயர்வுக்கு ஏற்ற நீளமுள்ள அதிர்வு தாங்கிகள். முன் அச்சின் சரிவைச் சீராக்கச் சிறு ஆப்புகள். பிரேக் குழாய்கள் இழுபடாதபடி ஒரு சோதனை. இருபத்தொன்பது அங்குல ரயருக்குப் பதிலாக முப்பத்தொன்று. கட்டைகளும் நீண்ட கொளுவிகளும் கழற்றி எறியப்பட்டன. எம்முள் ஒருவருக்கு நான்கு அங்குலக் கம்பீரம் போய்விட்டதே என்று மனக்குறை. பெரியவர் முதியவரை அழைத்து வரச் செய்து, முக்காலியின்றி ஏற்றிப் பார்த்தார். வழக்கு அத்துடன் தீர்ந்தது.

2018ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையில் மீண்டும் புறப்பட்டோம். பாணமையில் ரயர்க் காற்றை இருபது இறாத்தலுக்குக் குறைத்துக்கொண்டு, பழைய எதிரியான திட்டின்மேல் ஒரு புறச் சில்லுகளை ஏற்றி, மறுபுறத்தை விளிம்பில் விட்டு மெதுவாக ஊர்ந்தோம். வயிறு தட்டவில்லை. உகந்தையில் முருகனை வணங்கிப் பாறைச் சுனைகளைப் பார்த்தபின், வனவாசலில் அனுமதி பெற்று, வழிகாட்டி ஒருவரோடு உள்ளே சென்றோம். 2006ஆம் ஆண்டு வரை கிழக்கு யால என்று வழங்கிய வனம் இதுவே. குமண வில்லு ஏறக்குறைய இருநூறு ஹெக்டேயர் பரப்புள்ள சதுப்பு ஏரி. கண்டல் மரங்களில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டும் ஆரவாரத்தில் எமது இயந்திரத்தின் ஒலி கேட்கவேயில்லை. நீர் நிற்கும் வில்லும் பாரம் தாங்கும் வில்லும் தமிழில் இப்படி நெருங்கி நிற்பதை எண்ணிச் சிரித்துக்கொண்டோம்.

கும்புக்கன் ஓயாவை நண்பகலில் அடைந்தோம். இரு கரையிலும் பருத்த மருத மரங்கள், நடுவே வெண்மணல், அதில் முழங்காலளவு தெளிந்த நீர். முதியவர் எவர் கையையும் பற்றாமல் இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்து, நீரை இரு கைகளாலும் அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டார். பிறகு ஒரு மரத்தடியைக் காட்டி, "இந்தப் பக்கத்திலதான் சோறு ஆக்கினம், உப்பை மறந்திட்டு வந்திட்டம்" என்றார். அறுபது ஆண்டுக்கு முந்திய அந்த உப்பை அவர் இன்னும் மறக்கவில்லை.

ஊர் வந்த மறுநாள் மெக்கானிக் பெரியவர் மறுபடியும் வண்டிக்கு அடியிற் படுத்தார். டிபரன்சலின் கீழ்ப்புறத்தில் புதிதாக ஒரு கீறல் மின்னியது. எங்கோ ஒரு கல் உரசியிருக்கிறது. அதை விரலால் தடவிப் பார்த்தவர், உள்ளிருந்தபடியே, "காத்தை எத்தனைக்குக் குறைச்சீங்க சேர்?" என்று கேட்டார்.