தீர்ப்பிடுவோரின் சிறை

நீதிமன்றப் படங்களில் வழக்கறிஞர்களின் சொற்போரும், முடிவில் உண்மைக் குற்றவாளி வெளிப்படுவதும் மரபு. 1957-இல் சிட்னி லூமெட் இயக்கிய ‘ட்வெல்வ் ஆங்ரி மென்’ இவ்விரண்டையும் விலக்கியது. விசாரணை முடிந்தபின், ஓர் இளைஞனின் உயிரைக் கையில் ஏந்தி, பன்னிரு ஜூரிகள் ஓர் அறையில் கூடுகின்றனர். முதலில் மேலிருந்து நோக்கும் காமிரா படிப்படியாகத் தாழ்கிறது. வில்லைகள் மாற மாறச் சுவர்கள் நெருங்குகின்றன. தீர்ப்பிட வந்தவர்களே சிறைப்பட்டவர்களாகத் தோன்றுகின்றனர்!

தனித்து நின்று ஐயுற்றவருடன் முதலில் இணைபவர், அவர்களுள் முதியவரே. யோவான் நற்செய்தி எட்டாம் அதிகாரத்திலும், கல்லெறிய வந்தோர் முதியோர் தொடங்கியே அகன்றனர்.

கொலையாளி யாரெனப் படம் இறுதிவரை கூறுவதில்லை. ஒப்புரவு அருட்சாதனம் வழங்க அமரும் எனக்கு அம்மௌனம் விளங்குகிறது: உள்ளங்களை முழுதறிபவர் இறைவன் ஒருவரே. அயலார்மீது நொடியில் தீர்ப்பிடும் நாம், அவ்வறையில் சற்றே அமர்ந்தால் என்ன?