நேர்கோட்டு ஓட்டம்

நேர்கோடு வரைவது எளிது. இரும்பை நேர்கோட்டில் ஓட்டுவது எளிதன்று. நம் சங்க அன்பர்களுள் பிம்ப்ரி, சிஞ்ச்வட் தொழிற்சாலைகளில் உழைத்தோர் இதை அறிவர். ஏனையோருக்காகவே சற்று விரித்துச் சொல்கிறேன்.

1987-இல் கோவையில் பொறியியல் முடித்த கையோடு புனேக்கு வந்து, இயந்திரங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் வடிவமைப்புப் பிரிவில் சேர்ந்தேன். அங்கே ‘காகா’ என்று எல்லாரும் அழைத்த முதிய ஃபிட்டர் ஒருவர் இருந்தார். மேசை நகரும் வார்ப்பிரும்புத் தடத்தின்மீது நீல மை தடவிய பலகையை வைத்து இழுப்பார். மை ஒட்டிய மேடுகளை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்டுவார். மீண்டும் மை, மீண்டும் சுரண்டல். சதுர அங்குலத்துக்கு 20 புள்ளிகளாவது சீராக மை பட்டாலன்றிக் கையை எடுக்கமாட்டார். ஒரு தடத்துக்கு நாட்கணக்கில் ஆகும். சுரண்டிய நுண்பள்ளங்களில் எண்ணெய் தங்குவதால் மேசை இதமாக வழுக்கும்.

ஆயினும், மிக மெதுவாக ஓட்டினால் அம்மேசை விட்டுவிட்டுத் துள்ளும். நிற்கும் பொருளை அசைக்க வேண்டிய விசை, அசைந்தபின் வேண்டிய விசையினும் மிகுதி. மழைக்காலத்தில் உப்பிய மேசை அறையை இழுத்துப் பார்த்தவருக்கு இது தெரியும்: வராது, வராது, திடீரென்று மடியில் வந்து விழும்!

எஃகுக் குண்டுகள் உருண்டு சுற்றிவரும் தண்டவாளங்களை ஜப்பானின் டிஎச்கே நிறுவனம் 1972-இலேயே உருவாக்கியிருந்தது. வழுக்கும் தடத்தின் உராய்வில் பத்தில் ஒரு பங்குகூட அவற்றுக்கு இல்லை, துள்ளலும் இல்லை. போல்ட் முடுக்கினால் ஒரே நாளில் வேலை முடியும். மயங்கிப்போனேன். ‘இனிச் சுரண்டும் பிரிவு தேவையில்லை’ என்று மேலிடத்துக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதினேன். அதன் பயனாகக் காகா முன்கூட்டியே ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்டார்.

போகும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: “தண்டவாளம் நேர்தான், சாஹேப். அது படுக்கும் இடம்?”

முதல் இயந்திரத்தின் மேசை நடுவில் இறுகியது. ஓரங்களில் எளிதாக ஓடியது. தண்டவாளம் எஃகேயானாலும், போல்ட்டை முடுக்கினால் அடித்தளத்தின் வளைவைத் தானும் ஏற்றுக்கொள்ளும். எங்கள் அடித்தளத்தின் வளைவு 40 மைக்ரான். தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவு. அதுவே போதுமானதாயிற்று. சில வாரங்களில் குண்டுகள் கரகரத்தன. வாங்கியவர் இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

காகாவின் வீட்டுக்கு நானே சென்றேன். தேநீர் தந்தார்கள். ஒன்றும் சொல்லிக்காட்டாமல், கட்டிலுக்கடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிவைத்திருந்த ஸ்கிரேப்பரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பழைய வேலையை அவருக்கு மீட்டுத்தர என்னால் இயலவில்லை; நாட்கூலிக்கே வந்தார்.

நான்கு நாட்கள் அடித்தளத்தைச் சுரண்டினார். ஐந்தாம் நாள் தண்டவாளங்களைப் பொருத்தினோம். ஒற்றை விரலால் மேசையைத் தள்ளினார். அது ஓசையின்றி மறுகோடி வரை சென்றது. கையைத் துடைத்துக்கொண்டு, “கூலி இன்றைக்கே கிடைக்குமா, சாஹேப்?” என்று கேட்டார்.

அன்று சனிக்கிழமை. கணக்கர் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்.