படுக்கையருகே ஒரு சொல்

தமிழாசிரியனுக்குச் செவிலியர் கல்லூரியில் என்ன வேலை என்று நண்பர்கள் வினவுவதுண்டு. 'ஆன்மிகப் பராமரிப்பு' என்னும் பகுதியைத் தமிழில் நடத்தித்தர வேண்டுமென ஒரு கல்லூரியார் அழைத்தனர். பாடநூல் ஆங்கிலம், நோயாளி பேசுவதோ தமிழ். அவ்விடைவெளியே எனக்குரிய வேலையாயிற்று.

1967இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் என்னும் இறுதிநிலை நோயாளர் இல்லத்தை நிறுவிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், உடலும் மனமும் குடும்பமும் ஆன்மாவும் சேர்ந்து நோவதை 'முழு வலி' என்றார். வள்ளுவரோ மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒருவராக 'உழைச்செல்வான்' என்பவரை வைத்தார். உழை என்றால் பக்கம். மாணவியர்க்கு இச்சொல் மிகவும் பிடித்துப்போயிற்று. ஆண்பாலில் இருக்கிறதே என்று ஒருத்தி குறைபட்டதும் உண்மை.

அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி 1996இல் வகுத்த வினாமுறையையும் எடுத்துக்கொண்டோம். நோயாளியின் நம்பிக்கை, அவர் வாழ்வில் அதற்குள்ள இடம், அவர் சார்ந்த சமூகம், இவற்றைச் சிகிச்சையில் கருத்திற்கொள்ளும் வழி என நான்கு வினாக்கள். நல்ல முறைதான். ஆயின் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிக் கேட்டால் விபரீதமே விளையும். சமயப் பற்றுக்கும், பிழைப்போம் என்னும் எதிர்பார்ப்புக்கும் ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்கள் உண்டு. தமிழில் இரண்டுமே நம்பிக்கை. "உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா?" என்று புற்றுநோயாளியிடம் கேட்டால், தம் நாள் எண்ணப்படுகிறது என்றே அவர் கொள்வார். "எந்தச் சமூகம்?" என்பதோ நம் நாட்டில் சாதி வினா. எனவே, "மனசு கலங்கும்போது யாரை நினைச்சுக்குவீங்க?" என்று கேட்கப் பழகினோம். ஒருவர் முருகனை என்பார். ஒருவர் அல்லாஹ்வை என்பார். மறைந்த தாயை என்பாரும் உளர். இறைநம்பிக்கை இல்லாதாரும் விடை கூறத்தக்க வினா இது.

அறுவைக்கு முன் தாலியையோ தாயத்தையோ கழற்ற நேர்ந்தால், கேட்டுக் கழற்றி, யாரிடம் ஒப்படைத்தோம் என்று சொல்ல வேண்டும். எழ இயலாத முஸ்லிம் நோயாளி படுத்தவாறே தொழலாம், நீர் தீங்காகுமெனில் தயம்மும் செய்யலாம் என்பவற்றை வகுப்பில் பலர் அறிந்திருக்கவில்லை. சமயம் போதிப்பது செவிலியர் பணியன்று. அதில் நான் கண்டிப்பாகவே இருந்தேன்.

நீண்ட விவாதம் ஒரு மாணவியால் எழுந்தது. மூதாட்டி ஒருவர் அவள் கையைப் பற்றி, "நான் போயிருவேனா தாயி?" என்று கேட்டிருக்கிறார். இவள், "ஒண்ணும் ஆகாது பாட்டி" என்று சொல்லி மருந்துத் தட்டுடன் நகர்ந்துவிட்டாள். மறுநாள் படுக்கை காலி. "பொய் சொல்லிவிட்டேனா, ஐயா?" என்றாள்.

வகுப்பு இரண்டுபட்டது. அது இரக்கமே என்றனர் சிலர். இரக்கந்தான், ஆனால் அவ்விடைக்குப் பின் அம்மூதாட்டிக்குப் பேச இடமில்லை என்றேன். "ஏன் பாட்டி அப்படித் தோணுது?" என்றிருந்தால், வந்து பாராத மகனைப் பற்றியோ, தீராத மனத்தாங்கலைப் பற்றியோ ஏதேனும் சொல்லியிருக்கலாம். "நின்று கேட்க நேரமேது ஐயா?" என்றாள் வேறொருத்தி. இரவுப்பணியில் ஒருத்தி எத்தனை படுக்கைகளைக் கவனிக்கிறாள் என்பதைக் கண்டறிந்த எனக்கு, அதனை மறுக்க வாய் எழவில்லை.

அதன்பின், இரத்த அழுத்தம் பார்க்கும் அந்தச் சிறு பொழுதிற்குள் கேட்கத்தக்க வினாக்களை மாணவியரே எழுதத் தொடங்கினர். திருத்துவதற்கு என்னிடம் தந்தனர். எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.