விட்ட இடத்திலிருந்து

ஜூன் 11

அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், உபுண்டு கணினி மறுபடி எழாமல் கெர்னல் பேனிக் என்ற வரியோடு நின்றுவிடுவது உண்டு. உடனே பலரும் சொல்லும் யோசனை, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவு என்பது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்டேட்டில் எது முடிந்தது, எது பாக்கி என்ற கணக்கு டிஸ்கிலேயே இருக்கிறது. டெபியன் வழிவந்த அமைப்புகளில் பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் குறித்துக்கொண்டே போகிறது: பிரித்தாயிற்று, அமைப்பது பாதியில் நிற்கிறது, முழுதாக நிறுவியாயிற்று என்று. புதிய கோப்பைப் பழையதன் மேல் அது நேராக எழுதுவதும் இல்லை. வேறு பெயரில் எழுதி முடித்த பிறகே பெயரை மாற்றுகிறது. எந்த நொடியில் மின்சாரம் போனாலும் பழையதோ புதியதோ ஒன்றாவது முழுதாக மிஞ்ச வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. 1990களில் பிறந்த கருவியில் இத்தனை முன்யோசனை இருப்பது எனக்கு மரியாதையைத் தருகிறது.

ஜூன் 12

அப்படியானால் கணினி ஏன் எழவில்லை? கெர்னல் தயாராக வந்து இறங்குகிறது. ஆனால் டிஸ்கைத் திறந்து ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்ய அதற்கு உதவும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு கோப்பு அந்தந்தக் கணினியிலேயே, பெரும்பாலும் அப்டேட்டின் கடைசிக் கட்டத்தில்தான், உருவாகிறது. அதற்கு முன்பே வேலை அறுந்தால் கெர்னல் இருக்கும், டிஸ்கை எட்ட அதற்கு வழி இருக்காது. ரூட்டை மவுன்ட் செய்ய முடியவில்லை என்று திரையில் வரும் செய்திக்குப் பெரும்பாலும் இதுதான் பொருள். கோப்புகள் போய்விட்டன என்று அது எங்கும் சொல்லவில்லை. உபுண்டு முந்தைய கெர்னலை வழக்கமாக விட்டுவைத்திருக்கும். கெர்னலைத் தேர்ந்தெடுக்க உதவும் கிரப் மெனு தானாக வராவிட்டால் எஸ்கேப் விசையை (பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்டை) அழுத்தி வரவழைத்து, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பகுதியில் அந்தக் கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் பல கணினிகள் எழுந்துவிடும். எழாவிட்டால்தான் பென்டிரைவ். உபுண்டு பென்டிரைவிலிருந்து துவக்கி, டிஸ்கின் ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, தனி பூட் பார்ட்டிஷனும் இஎஃப்ஐ பார்ட்டிஷனும் இருந்தால் அவற்றையும் அதனதன் இடத்தில் மவுன்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் இணைத்து, சிஎச்ரூட் கட்டளை வழியாக டிஸ்கில் உள்ள சிஸ்டத்துக்குள் போக வேண்டும். அங்கே டிபிகேஜியிடம் பாக்கி பேக்கேஜ்களை எல்லாம் அமைக்கச் சொல்லி, ஆப்டிடம் அறுந்த சார்புகளைச் சரிசெய்யச் சொல்லி, இனிட்ராம்எஃப்எஸையும் கிரப் மெனுவையும் புதிதாக எழுதவைக்க வேண்டும். பூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்ய மறந்தால் கட்டளைகள் பிழையில்லாமல் முடிந்ததுபோலத் தோன்றலாம். புதிய கோப்புகள் மட்டும் தவறான இடத்தில் கிடக்கும், கணினி பழையபடியே நிற்கும்.

ஜூன் 14

இவ்வளவு பாடு எதற்கு, அரை மணி நேரத்தில் புதிதாக நிறுவிவிடலாமே என்பார்கள். நிறுவுவதற்கு ஆகும் நேரத்தை மட்டும் எண்ணும் கணக்கு அது. பயனரின் கோப்புகள் இருக்கும் ஹோமை உபுண்டு வழக்கமாகத் தனி பார்ட்டிஷனாகப் பிரிப்பதில்லை. அழித்தால் அதுவும் சேர்ந்தே போகும். பிரின்டர் முதல் டேட்டாபேஸ் வரை மாதக்கணக்கில் சேர்ந்த அமைப்புகளை மறுபடி செய்ய அரை மணி போதாது. மின்சாரம் அல்ல, பூட் பார்ட்டிஷன் நிரம்பியதுதான் அப்டேட் அறுந்ததற்குக் காரணம் என்றால், அதே அளவில் பிரித்து மறுபடி நிறுவும் கணினி நாளை திரும்பவும் அங்கேயே வந்து நிற்கும்.

சாதாரணப் பயனரை சிஎச்ரூட் வரை இழுக்கும் அமைப்பே பழுதானது என்ற வாதம் இதைவிட வலுவானது; அதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். குரோம்ஓஎஸ் இரண்டு சிஸ்டம் பிரதிகளை வைத்துக்கொண்டு, ஓடாததில் அப்டேட்டை எழுதுகிறது. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 அதே முறைக்கு வழிசெய்தது. ஓபன்சூசே, பிடிஆர்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்துப் பழைய நிலைக்குத் திரும்ப விடுகிறது. உபுண்டுவும் அந்த வழிக்கு வர வேண்டும். ஆனால் இன்று மேசையில் எழாமல் கிடக்கும் இஎக்ஸ்டி4 கணினிக்கு அந்த வாதம் உதவாது. அதற்கு மேலே சொன்ன வழிதான்.

ஒரு நிலையில் மட்டும் என் வாதம் செல்லாது. பென்டிரைவிலிருந்து பார்க்கும்போது டிஸ்கே படிப்புப் பிழைகளைக் காட்டினால் அதில் எதையும் எழுதக் கூடாது, டிபிகேஜியையும் ஓட்டக் கூடாது. படிக்க மட்டுமான முறையில் மவுன்ட் செய்து, ஹோமை முதலில் வேறு டிஸ்குக்கு நகலெடுக்க வேண்டும். அந்த நிலையில் புதிதாக நிறுவுவதுதான் சரி, அதுவும் புது டிஸ்கில்.