இல்லமும் நாடும்

அகம் வேறு, புறம் வேறு என வகுத்துப் பயிலும் தமிழ் மாணவன் யான். காதலையும் அரசியலையும் ஓரிழையாக நெய்த படமொன்றைச் சென்ற விடுமுறையிற் கண்டு வியந்தேன். பிராங்க் காப்ரா 1948-ஆம் ஆண்டில் இயக்கிய ‘ஸ்டேட் ஆப் தி யூனியன்’ என்னும் அமெரிக்க நகைச்சுவைப் படமே அது. 1946-இல் புலிட்சர் பரிசு பெற்ற நாடகம் அதற்கு மூலம்.

அந்நாட்டுத் தலைவர் காங்கிரஸ் மன்றத்திற்கு அளிக்கும் அறிக்கையின் பெயரே படத்தின் பெயர். ‘யூனியன்’ என்பது நாட்டின் இணைப்பையும் உணர்த்தும். கணவன் மனைவியரின் இணைப்பையும் உணர்த்தும். இச்சிலேடையே கதையின் உயிர்நாடி.

விமானத் தொழிலதிபர் கிராண்ட் மேத்யூஸாக ஸ்பென்சர் டிரேசி நடிக்கின்றார். பத்திரிகை உரிமையாளரான மாதொருத்தி, குடியரசுக் கட்சியின் வேட்பாளராகுமாறு அவரைத் தூண்டுகின்றாள். அவளோடு அவர் கொண்ட உறவால் மனைவி மேரி மனம் வேறுபட்டிருக்கின்றாள். ஆயினும், வேட்பாளரது இல்லறம் இனிதென்று உலகம் நம்புதல் வேண்டுமே! கத்தரீன் ஹெப்பர்ன் நடிக்கும் மேரி அதன்பொருட்டு அழைக்கப்படுகின்றாள். மனங்கலவாத இருவரும் ஓரறையில் தங்க நேர்ந்து, தரையிற் படுக்கை விரிக்குங்கால் யான் வாய்விட்டு நகைத்தேன்.

போகப்போக நகைப்புக் குறைந்தது. உள்ளத்தில் உள்ளதையே உரைத்து மக்களைக் கவர்ந்த கிராண்ட், வாக்கு வேட்டையாடுவோர்க்கு இணங்கி, தம் சொற்களை ஒவ்வொன்றாக இழக்கின்றார்.

இவ்விடத்தில் என் நினைவு என்னைச் சுட்டது. சென்ற ஆண்டு மாணவர் மன்றத் தேர்தலில் யானும் நின்றேன். விடுதியில் முதலாண்டு மாணவரை எள்ளி வருத்துதல் தகாதென என் உரையில் எழுதியிருந்தேன். மூத்தோர் வாக்கு நழுவுமென்று நண்பர் எச்சரிக்கவே, அவ்வரியை அடித்துவிட்டேன். கைதட்டல் கிடைத்தது, வெற்றியும் கிடைத்தது. தன் துயரை என்னிடம் சொல்லியிருந்த என் அறைத்தோழன் மட்டும் கைகளை மடித்து அமர்ந்திருந்தான்.

படத்தின் முடிவில், பிறர் எழுதிய பொய்யுரையை வானொலியில் மேரி படிக்கத் தொடங்குகின்றாள். தன் பொருட்டு அவள் பொய்யுரைப்பதைக் கேட்கப் பொறாத கிராண்ட் குறுக்கிட்டு, தம் குற்றத்தை நாடறிய ஒப்புக்கொண்டு, மனைவியிடம் மன்னிப்பு வேண்டிப் போட்டியினின்றும் விலகுகின்றார். இல்லத்தில் நேர்மை திரும்புகின்றது. அப்பொழுதே பொதுவாழ்விலும் திரும்புகின்றது.

கல்லூரி திறந்த அன்றிரவு, அடித்த வரியை என் தோழனுக்குப் படித்துக் காட்டி மன்னிப்பு வேண்டினேன். சிறிது நேரம் வாளாவிருந்தவன், “இதனை மன்றத்திலும் படிப்பீர்களா, அண்ணா?” என்றான். அடுத்த கூட்டத்திற் படித்தேன். அன்று கைதட்டல் குறைவே, அவன் தட்டினான்.