வண்டல் படிந்த ஊர்

தஞ்சாவூருக்குப் போவதாக யாராவது சொன்னால், பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பதோடு என்னால் நிறுத்திக்கொள்ள முடிவதில்லை. கோயிலுக்கு அரை நாள் போதும், ஊருக்கு அது போதாது. ரயிலைவிட்டு இறங்கி, கோயில் விமானத்தின் முன்னால் படம் எடுத்து, தலையாட்டி பொம்மை ஒன்றை வாங்கிக்கொண்டு மாலை வண்டிக்கே திரும்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கலைக்காகவும் சாப்பாட்டுக்காகவும் தங்கிப் பார்க்கத் தகுந்த சிறு நகரம் தமிழ்நாட்டில் எது என்று கேட்டால் நான் தஞ்சையைத்தான் சொல்வேன். இங்கே அவை இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்ததே இல்லை.

அதற்குச் சான்று பெரிய கோயிலின் சுவரிலேயே இருக்கிறது. 1010-இல் கோயில் எழும்பி முடிந்தபோது, முதலாம் ராஜராஜன் சோழ மண்டலத்தின் பல கோயில்களிலிருந்து 400 ஆடல் பெண்டிரை வரவழைத்துக் கோயிலைச் சுற்றிய தெருக்களில் குடியமர்த்தினான். தளிச்சேரிப் பெண்டுகள் என்று கல்வெட்டு அவர்களைச் சொல்கிறது. யார் பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுத்த பங்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆட்டத்துக்கு ஊதியம் நெல்லாக அளக்கப்பட்டது. அந்த எழுத்துகளின் முன் நிற்கும்போதெல்லாம், இந்த ஊரின் கலை வரலாறும் சோற்று வரலாறும் ஒரே வரியில் பொறிக்கப்பட்டிருப்பதாகத் தோன்றும்.

அதே கல்வெட்டு இன்னொன்றையும் காட்டுகிறது. தஞ்சையின் பெருமை தொடக்கத்திலேயே வெளியூர்க்காரர்களால் ஆனது. காவிரி தன் வழியெல்லாம் சேர்த்த மண்ணைக் கொண்டுவந்து இங்கே படியவிட்டது. அதன் மேல் வயல் உண்டானது. மனிதர்களும் அப்படியே வந்து படிந்தார்கள். சோழர், நாயக்கர், மராத்தியர் என்று ஒருவர் மேல் ஒருவராக வந்தார்கள். முன்னவர் விட்டுப்போனதைப் பின்னவர் முழுதாக அழித்துவிடவில்லை.

பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட நடையில் இதைக் கண்ணால் காணும்படி ஒரு சான்று கிடைத்தது. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி விளக்கொளியில் அந்தச் சுவர்களைப் பார்த்தார். மேலே இருந்தவை நாயக்கர் காலத்து ஓவியங்கள். அவற்றின் பூச்சு உதிர்ந்த இடங்களில் உள்ளிருந்து வேறு கோடுகள் எட்டிப்பார்த்தன. அவை சோழர் ஓவியங்கள். யானை மீதும் குதிரை மீதும் கயிலை செல்லும் சுந்தரரும் சேரமானும், தேரேறிய திரிபுராந்தகரும் ஆயிரம் ஆண்டுகளாக அங்கே இருந்திருக்கிறார்கள். பிற்பாடு தொல்லியல் துறையினர் நாயக்கர் ஓவியங்களைச் சிதைக்காமல் தனியே பெயர்த்தெடுத்துப் பலகைகளில் பதித்தார்கள். அடியில் இருந்தவையும் வெளிப்பட்டன, மேலே இருந்தவையும் பிழைத்தன. அந்த நடைக்குள் பொதுமக்களை விடுவதில்லை. மேல்தளத்தில் சிவன் ஆடும் 81 கரணச் சிற்பங்களும் அப்படித்தான். மொத்தம் 108 கரணங்களில் மீதமுள்ளவற்றுக்கான கற்கள் செதுக்கப்படாமலே நிற்கின்றன.

கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அரண்மனை. நாயக்கர் கட்டியதை மராத்தியர் விரித்துக் கட்டினார்கள். அதற்குள் 1951-இல் தொடங்கிய கலைக்கூடம் இருக்கிறது. வேறு எதைப் பார்க்காவிட்டாலும், திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவரைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்த செப்புத் திருமேனி அது. பாம்புகளைச் சேர்த்துச் சுற்றிய தலைப்பாகை, ஒரு காலைக் குறுக்கே மடக்கி ஊன்றிய நிலை, காளையின் முதுகில் கை ஊன்றிய ஒயில். காளை இப்போது இல்லை. ஆனால் அந்தக் கையைப் பார்த்தால் காளையின் உயரமும் அது நின்ற பாங்கும்கூடப் புலப்படும். இவ்வளவு இளகிய உடம்பை உலோகத்தில் வார்த்தவன் நெருப்பையும் மெழுகையும் எவ்வளவு அறிந்திருக்க வேண்டும்!

அந்த அறிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலைக்குப் போனால் நேரிலேயே பார்க்கலாம். ஸ்தபதி தென்னை ஓலை நறுக்கு ஒன்றைச் சிலையின் உயரத்துக்கு வெட்டி, அதை மடித்து மடித்தே முகம், மார்பு, இடை, கால் என்று அளவு குறித்துக்கொள்கிறார். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் பிடிக்கிறார். அதன் மேல் முதல் பூச்சாகப் போவது காவிரி வண்டல். மாவைவிட மென்மையான அந்த மண்தான் நகக்கணு முதல் நகையின் மணி வரை எல்லாவற்றையும் அப்படியே வாங்கிக்கொள்கிறது. மேலும் இரண்டு பூச்சு பூசி, காயவைத்து, வறட்டி மூட்டிச் சுட்டால் மெழுகு உருகி வெளியேறும். அது இருந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் இறங்கும். ஆறியதும் அச்சை உடைத்துவிடுவார்கள். ஒரு அச்சில் ஒரு சிலைதான். பிறகு உளியும் அரமும் கொண்டு செய்யும் வேலை வாரக்கணக்கில் நீளும். கடைசியாகக் கண் திறப்பார்கள். இந்த ஊர்ச் சிற்பக்கலைக்கும் நெல்லுக்கும் ஒரே மண் என்பது அந்தப் பட்டறைத் தரையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

மராத்தியர் காலத்து வண்டல் வேறு நிறம். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி ஓலைச்சுவடிகளையும் ஐரோப்பிய நூல்களையும் ஒரே ஆர்வத்தோடு சேர்த்தார். சரஸ்வதி மகால் நூலகம் இவ்வளவு வளர்ந்தது அவரால்தான். அவரது அவையில் இருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய தஞ்சை நால்வர், அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் ஆடல் வரிசைக்கு இன்றைய ஒழுங்கைத் தந்தார்கள். வடிவேலு வயலினைக் கையில் எடுத்தார். கடல் கடந்து வந்த கருவி நம் கச்சேரி மேடையில் அமர்ந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. தெலுங்கு நாட்டிலிருந்து வந்த ராஜு குலத்தவர் பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புத் தூளும் கோந்தும் கலந்து மேடு எழுப்பி, தங்கத் தகடும் கல்லும் பதித்து வரைந்தார்கள். அதை உலகமே தஞ்சாவூர் ஓவியம் என்று அழைக்கிறது.

சமையலும் சரபோஜியின் அக்கறைக்குள் இருந்தது. அவர் பெயரைத் தாங்கிய ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ மராத்தியில் எழுதப்பட்ட அரண்மனைச் சமையல் நூல். சரஸ்வதி மகாலே அதைப் பதிப்பித்திருக்கிறது. ஓர் அரசவை மருத்துவத்தையும் நாட்டியத்தையும் போலவே குழம்பையும் எழுதிவைக்க வேண்டிய கலையாக நினைத்தது என்பதே எனக்குப் பெரிய செய்தி. தஞ்சை அரண்மனையில் சாம்பார் பிறந்ததாகச் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும். அதைக் கதையாகவே எடுத்துக்கொள்ளலாம். அதைவிட உறுதியான சான்றுகள் வீட்டு அடுக்களைகளில் உண்டு. வறுத்த உளுத்தம் மாவைத் தயிரில் கலந்து தாளிக்கும் டாங்கர் பச்சடி மராத்தியிலிருந்து வந்தது. இன்று அதைச் செய்கிற பாட்டிகளுக்கு அது வெளியூர்ப் பண்டம் என்ற நினைப்பே கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்தது கடப்பா. கும்பகோணம், தஞ்சை, மன்னார்குடி வட்டாரத்துக்கு வெளியே அதை அறிந்தவர்கள் குறைவு. வேகவைத்த பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு. அரைத்துவிடத் தேங்காய், கசகசா, சோம்பு, பச்சை மிளகாய். சாம்பாரும் ஆகாது, குருமாவும் ஆகாது. சூடான இட்லியின் மேல் ஊற்றினால் இட்லி அதைக் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். ஒரு சிறிய மெஸ்ஸில் வாரநாளில் போய்க் கேட்டபோது, பரிமாறிக்கொண்டிருந்த அம்மா, “இன்னிக்கு ஏதுப்பா கடப்பா? ஞாயித்துக்கெழமை வா. வெள்ளனே வந்துடு, எட்டு மணிக்கெல்லாம் காலியாயிடும்” என்றார். ஞாயிற்றுக்கிழமை வரை தங்கினேன். பண்டத்துக்கென்று கிழமை வைத்திருக்கும் ஊர்மேல் எனக்கு மரியாதை அதிகம்.

சிவகங்கைப் பூங்காவின் அக்கம்பக்கத்தில் வீணை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும் முற்றிய பலா மரத்தில் குடமும் தண்டியும் யாளி முகமும் கடைகிறார்கள். ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை, பகுதிகளாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. 24 மெட்டுகளையும் நிலையாகப் பதிக்கும் இன்றைய அமைப்பை 17-ஆம் நூற்றாண்டின் ரகுநாத நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். மெழுகின் மேல் மெட்டுகளை ஒவ்வொன்றாக வைத்துச் சுருதி பார்ப்பதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். அதற்கு அளவுகோல் காது மட்டுமே. நான் பேச வாயெடுத்ததும் பெரியவர் ஒருவர், “கொஞ்சம் உக்காருங்க சார், மேளம் கட்டிட்டுப் பேசுவோம்” என்றார். மயிரிழை அளவு மெட்டை நகர்த்துவார், மீட்டுவார், மறுபடி நகர்த்துவார். கச்சேரியில் நாம் கேட்பது அவர் காது ஒப்பிக்கொண்ட ஒலியைத்தான். அதை அவர் பக்கத்தில் அமர்ந்து ஒருமுறை பார்த்தவருக்கு வீணைக் கச்சேரி அதன்பின் வேறாகக் கேட்கும்.

வடக்கே திருவையாறு 13 கிலோமீட்டர். வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பாலங்கள் வந்துகொண்டே இருக்கும், கடைசியில் காவிரி. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட தியாகராஜர் அந்தக் கரையில் வாழ்ந்து 1847-இல் மறைந்தார். அவர் சமாதியில் கோயில் எழுப்பத் தன் பொருளைக் கொட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தியாகராஜர் நினைவாக நடக்கும் ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லாதிருந்த காலம் அது. தை மாத வாக்கில் வரும் ஆராதனையின்போது பஞ்சரத்தின கீர்த்தனைகள் ஒரே குரலாக எழுவதைக் கேட்கலாம். பாட்டு முடிந்ததும் அசோகா சாப்பிட வேண்டும். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, மாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்து, சட்டியில் ஒட்டாமல் திரளும் வரை கை ஓயாமல் கிளறும் பண்டம். திருவையாற்று அசோகா சூடாக இலையில் வந்து விழும்போது அதன் மணமே பாதி வயிற்றை நிரப்பும்.

கும்பகோணத்துப் பக்கம் போனால் பித்தளை டபரா செட்டில் டிகிரி காப்பி கிடைக்கும். காவிரி பிறக்கும் குடகு மலையே காப்பித் தோட்டங்களுக்குப் பேர்போனது. தஞ்சைக்குத் திரும்பினால் சர்க்கரைப் பாகில் ஊறிய, உள்ளே கோவா வைத்த சந்திரகலா. சாப்பாட்டுக்குப் பின் ஆற்றுப்படுகையில் விளைந்த கும்பகோணம் கொழுந்து வெற்றிலை.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒரு கவலையைச் சொல்லாமல் விட முடியாது. ஓவியம், கலைத்தட்டு, வீணை, தலையாட்டி பொம்மை, நெட்டி வேலை, சுவாமிமலைச் சிலை என்று இந்த வட்டாரத்தின் பல கைவினைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயரைக் காப்பாற்ற அது உதவும், கையைக் காப்பாற்ற அது மட்டும் போதாது. தங்கத்தகடு இல்லாத போலித் தகட்டு ஓவியங்கள் கடைகளில் தொங்குகின்றன. மாதக்கணக்கில் ஒரு பொருளோடு உட்காரும் வேலைக்குத் தகுந்த கூலி கிடைக்காதபோது, பட்டறையில் வளர்ந்த பிள்ளை வேறு வேலை தேடிப் போவதை யாரும் குறை சொல்ல முடியாது. ராஜராஜனுக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் ஆடலைப் பாராட்டியதோடு நிற்காமல் நெல்லையும் அளந்து, அதைக் கல்லிலும் வெட்டிவைத்தான்.

தஞ்சைக்குப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் இட்லியும் கடப்பாவும் சாப்பிடுங்கள். வெயில் ஏறுமுன் கோயிலின் கல்வெட்டுகளைச் சுற்றி வாருங்கள், பிறகு கலைக்கூடத்துக்குப் போங்கள். மறுநாள் பட்டறைகளுக்குப் போய், செய்பவர் அனுமதித்தால் உட்கார்ந்து பாருங்கள். வாங்குவதாக இருந்தால் செய்தவர் கையிலிருந்தே வாங்குங்கள். தகடு என்ன, மரம் என்ன, எத்தனை நாள் வேலை என்று கேளுங்கள். அவர் சொல்லும் விலையில் அந்த நாள்களுக்கான கூலியும் அடக்கம். அதைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள்.